பூங்காவில் நிற்கும் போர் விமானம்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிப்பது எப்படி

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு இந்திய விமானப்படை விடை கொடுத்தது. 1963-இல் படையில் சேர்ந்த ரகம், 62 வருஷம் பறந்திருக்கிறது. ஓய்வு பெற்ற போர் விமானங்களில் சில அருங்காட்சியகத்துக்குப் போகும். மற்றவை கல்லூரி வாசலுக்கும் பூங்காவுக்கும் படைத்தள நுழைவாயிலுக்கும் வரும். கூரை கிடைப்பது கொஞ்சம் பேருக்குத்தான். பறந்த காலத்தில் தினமும் நாலைந்து பேர் டார்ச் அடித்துப் பார்த்துத் துடைத்து எண்ணெய் போட்ட உடம்பு அது. நிறுத்திவைத்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ள ஒரு தோட்டக்காரரும் ஒரு வாட்ச்மேனும் இருந்தால் பெரிய விஷயம்.

நான் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்கட்டைப் பழுதுபார்ப்பவனாக வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு இப்படி நிற்கும் விமானங்கள் சிலவற்றில் கை வைத்திருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் ஒரே கதைதான்: விமானம் அசிங்கமாகத் தெரிய ஆரம்பித்ததும் பெயிண்ட் டப்பாவைத் திறக்கிறார்கள். திறக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது? கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் அந்தக் கேள்வியில்தான் போய் முடியும்.

ஏணியைச் சாய்ப்பதற்கு முன்

இதைப் படிக்காமல் மற்றதற்குப் போக வேண்டாம்.

விமானி அமரும் இருக்கை சும்மா நாற்காலி அல்ல. வெடிமருந்துத் தோட்டாக்களால் ஆளை வெளியே தூக்கி எறியும் இயந்திரம். விமானியின் தலைக்குமேல் இருக்கும் ஒளிபுகும் மூடியான கேனப்பியைப் பிய்த்து வீசவும், தீயணைப்பு பாட்டிலைத் திறக்கவும், சில ரகங்களில் இறக்கைக்கு அடியில் தொங்கும் டாங்கை உதிர்க்கவும் தனித்தனித் தோட்டாக்கள் உண்டு. படையிலிருந்து விமானம் வரும்போது இவை எல்லாம் கழற்றப்பட்டன என்ற காகிதம் கூடவே வந்திருக்க வேண்டும். அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள். "எடுத்திருப்பாங்க சார்" என்ற பேச்சு போதாது. காகிதம் இல்லையென்றால் தோட்டா உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். யாரையும் ஏற விடாதீர்கள். சிவப்புத் துணி தொங்கும் ஊசி எதையும் பிடுங்காதீர்கள். விமானத்தைக் கொடுத்த தளத்துக்குக் கடிதம் எழுதி ஆள் வரவழையுங்கள். வெடிமருந்து பழசாகிவிட்டதால் பலம் போயிருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழசானால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்க முடியாது, அவ்வளவுதான்.

அடுத்தது கருவிப் பலகை. பழைய ஜெட்டுகளில் சில முள்ளும் எண்ணும் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். இப்போது ஒளிராது. அதனால் செத்துவிட்டது என்று நினைக்கிறோம். செத்தது கூடவே கலந்திருந்த துத்தநாக சல்பைடுதான். ரேடியம்-226 பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். கண்ணாடி முழுசாக இருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். ரேடியத்திலிருந்து ரேடான் வாயு கசியும் என்பதால் மூடியே கிடந்த விமானி அறையான காக்பிட்டைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றோட்டம் விட்ட பிறகே தலையை உள்ளே விடுங்கள். டயல் உடைந்திருந்தால் வேலையை அதோடு நிறுத்திவிட்டு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தைக் கேளுங்கள்.

பிரேக் லைனிங், எஞ்சின் பக்கத்து வெப்பப் போர்வை, கேஸ்கட் ஆகியவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அதன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பிய்ந்து தொங்கினால் பெருக்க வேண்டாம். வீட்டு வாக்யூம் கிளீனர் வைத்தால் தூள் இன்னும் நுண்ணியதாகப் பரவும். எரிபொருள் டாங்கில் ஒரு சொட்டு இல்லாவிட்டாலும் ஆவி இருக்கும். வெல்டிங், கிரைண்டிங் எதுவும் பக்கத்தில் கூடாது.

அறிகுறி: பெயிண்ட் கொப்புளிக்கிறது, குத்தினால் வெள்ளைப் பொடி

எல்லா நோயிலும் பெரிய நோய் இது. அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

விமானத் தகடு சுத்த அலுமினியம் அல்ல. பலத்துக்காகச் செம்போ துத்தநாகமோ கலந்த உலோகம். அந்தக் கலப்பே அதன் பலவீனமும். வெறும் அலுமினியம் தன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொண்டு தப்பிவிடும். கலப்பு உலோகத்துக்கு அந்தத் தோல் சரியாக மூடாது. அதனால்தான் தகட்டின் இரண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிசாகப் போர்த்தி உருட்டியிருப்பார்கள். யாராவது ஒருமுறை உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டால் அந்தப் போர்வை போயே போச்சு.

கொப்புளத்தைக் கண்டால் முதலில் எந்த வகை என்று பாருங்கள்.

மெல்லிய நூல் நூலாக, பெயிண்டுக்குக் கீழே புழு ஊர்ந்தது போன்ற கோடுகள் இருந்தால் அது மேலோட்டமானது. ஸ்க்ரூவைச் சுற்றியோ தகட்டு ஓரத்திலோ ஆரம்பிக்கும். பெயிண்டை எடுத்துச் சுத்தம் செய்தால் நிற்கும்.

தகடுகளைப் பிணைக்கும் ஆணியான ரிவெட்டின் தலையைச் சுற்றிக் கறுப்புப் புகை மாதிரி ஒழுகலும் பக்கத்தில் வெள்ளைப் பொடியும் இருந்தால், ரிவெட் தளர்ந்து துளைக்குள் தண்ணீர் போகிறது. விரலை வைத்து அழுத்துங்கள். அசைந்தால் வெறும் பெயிண்ட் வேலையோடு இது முடியாது.

மூன்றாவது வகைதான் பயப்பட வேண்டியது. ஒரு கல்லூரி வாசலில் நின்ற விமானத்தில் இறக்கை உடம்போடு சேரும் மூலையில் ஒரு கொப்புளம், ஐந்து ரூபாய் நாணயம் அளவு. பிளாஸ்டிக் சுரண்டியின் முனையை நுழைத்தேன். பெயிண்ட் வந்தது. அதோடு உலோகமும் வந்தது, பரோட்டாவைப் பிய்த்தால் வருமே அப்படி அடுக்கு அடுக்காக. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே சாம்பல் நிற மாவு. விரலால் தேய்த்தால் வழவழவென்று முகப்பவுடர் போல இருந்தது. உருட்டியோ அழுத்தி இழுத்தோ செய்த உலோகத்தில் அதன் நுண்ணிய மணிகள் (grain) ஒரே திசையில் படுத்திருக்கும். அரிப்பு அந்த மணிகளின் எல்லைக்கோடு வழியாக ஓடும். உண்டாகும் பொடி உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். அதனால் உள்ளிருந்தே அடுக்கைத் தூக்கிவிடும். நாணயம் அளவுக்குக் கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவுக்குப் போயிருக்கலாம். அன்று எங்களுக்கு அப்படித்தான் ஆனது.

என்ன செய்வது?

தெரிகிற அரிப்பு முழுவதையும் பளபளப்பான உலோகம் வரும்வரை எடுக்க வேண்டும். ஒரு துளி பொடி மிஞ்சினாலும் பிரைமருக்குக் கீழே மறுபடி வளரும். மரச் சுரண்டி, பிளாஸ்டிக் சுரண்டி, நைலான் தேய்ப்புப் பேட் போதும். இரும்புக் கம்பி பிரஷ், ஸ்டீல் நார் இரண்டும் வேண்டவே வேண்டாம். அவற்றின் துணுக்கு அலுமினியத்தில் பதிந்து, ஈரம் பட்டதும் ஒவ்வொரு துணுக்கும் ஒரு குட்டி பேட்டரியாக வேலை செய்யும். அடுத்த மழைக்காலத்தில் நீங்கள் தேய்த்த இடமே முதலில் பொடியாகும்.

பழைய பிரைமர் மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் அது குரோமேட். அரிப்பைத் தடுப்பதில் கெட்டிக்காரன், நுரையீரலுக்கு எமன், புற்றுநோய் வரவழைக்கும். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். ஈரமாக்கி, நல்ல முகமூடியும் கையுறையும் போட்டுத் தேய்த்து, கழிவைத் தனியாகப் பிடித்துவையுங்கள். உறுதியாக ஒட்டியிருக்கும் குரோமேட்டை எடுக்கவே தேவையில்லை, அது இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. எடுத்த இடத்துக்கு மட்டும் குரோமேட் இல்லாத எப்பாக்சி பிரைமர் போடுங்கள். கேட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு பெயிண்ட் இரும்புக்கானது, இங்கே வேண்டாம்.

அடுக்கு அரிப்பு இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரிலோ, இறக்கையைத் தாங்கும் போல்ட்டைச் சுற்றியோ இருந்தால் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம். விமானம் கம்பத்தின்மேல் நிறுத்தப்பட்டதாக இருந்தால் அதன் கீழே ஆட்கள் நடக்காமல் கயிறு கட்டிவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

இந்த அரிப்புக்கு வெளியிலிருந்து உதவி செய்கிறவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் கடல். காற்றோடு வரும் உப்பு தகட்டின்மேல் படியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும், மழையே வேண்டாம். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலான இரவுகள் அப்படித்தான். விசாகப்பட்டினத்தில் கடற்கரைச் சாலையில் டியு-142 என்ற கடற்படைக் கண்காணிப்பு விமானம் ஒன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. ஜெட் அல்ல, காற்றாடி வைத்த டர்போப்ராப்; நம் அரக்கோணத்தில் 2017 மார்ச் வரை பணியில் இருந்த ரகம். அப்படிக் கடலுக்கு முகம் காட்டி நிற்கும் எந்த விமானத்துக்கும் நல்ல தண்ணீர்க் குளியல்தான் முதல் மருந்து. கடலோரத்தில் வாரம் ஒருமுறை, கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களில் மாதம் ஒருமுறை. கையில் பிடிக்கும் ஓஸ் குழாயில் வரும் அழுத்தம் போதும். வாட்டர் சர்வீஸ் பம்ப் வைத்தால் தண்ணீரைத் தகடுகள் சேரும் இடுக்குகளுக்குள் நாமே ஏற்றிவிடுவோம். துணி துவைக்கும் பவுடர் காரம், அலுமினியத்தைத் தின்னும். காரத்தன்மை இல்லாத மிதமான சோப்பு போதும். குளிக்கும்போது இறக்கையின் அடிப்பக்கத்தை மறக்காதீர்கள். மேல்பக்கத்து உப்பை மழை கழுவிவிடும், அடிப்பக்கத்து உப்பு அங்கேயே இருக்கும். கூரை போட்டு நிறுத்திய விமானத்துக்கும் இதே கதை என்பதால், கூரை வந்ததும் குளியலை நிறுத்துவது தப்பு.

உப்பு உள்ளே போய்விட்டால் எவ்வளவு பாடு என்பதற்கு ஒரு சான்று. இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பாலிருந்து 2013 ஜூனில் ஒரு டோர்னியர் 17 விமானத்தின் சிதைவைத் தூக்கினார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மன் விமானம். அதைக் காஸ்ஃபோர்டில் உள்ள அருங்காட்சியகத்தில் கூடாரத்துக்குள் வைத்து, சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரைத் தொடர்ந்து தெளித்து உப்பை வெளியே எடுத்தார்கள். எலுமிச்சையில் இருக்கும் அதே அமிலம். அந்த அளவுக்குப் போகாமல் இருக்கத்தான் இந்த வாரக் குளியல்.

இன்னொரு உதவியாளர் சிமென்ட். விமானம் உருண்டுவிடக் கூடாது என்று சக்கரத்தைச் சிமென்டில் பாதி புதைத்து, மேடைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருப்பதை நிறையப் பார்க்கலாம். நல்ல எண்ணத்தில் செய்தது. ஆனால் ஈரச் சிமென்டும் சுண்ணாம்பும் கடும் காரம், அலுமினியத்தைத் தின்னும். சக்கரத்தின் நடுவில் இருக்கும் உலோக ஹப் பல ரகங்களில் மெக்னீசியக் கலவை, உப்பும் ஈரமும் பட்டால் அலுமினியத்தைவிடச் சீக்கிரம் போகும். புதைத்திருந்தால் பொறுமையாக உடைத்து எடுங்கள். உருளாமல் இருக்க மரக்கட்டை அடை கொடுத்தால் போதும். மெக்னீசியத்தைக் கிரைண்டரில் தேய்க்காதீர்கள். அதன் தூள் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் கொழுந்துவிடும்.

அறிகுறி: ஸ்க்ரூவுக்குக் கீழே காவி நிற ஒழுகல்

சின்ன விஷயம்தான். பழைய ஸ்க்ரூவின் காட்மியம் பூச்சு போய்விட்டது, அல்லது தொலைந்த ஸ்க்ரூவுக்குப் பதில் கடையில் வாங்கிய இரும்பு ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். பித்தளை ஸ்க்ரூ போட்டிருந்தால் இன்னும் மோசம், சுற்றியுள்ள அலுமினியம் கரையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றி, தலைக்குக் கீழேயும் மரைக்குள்ளும் சீலண்ட் தடவி, இரண்டு உலோகமும் நேரடியாகத் தொடாதபடி முடுக்குங்கள். பழைய காட்மியம் ஸ்க்ரூவை உப்புத்தாளில் தேய்க்க வேண்டாம், தூள் நச்சு. கழற்றிய ஸ்க்ரூவை டப்பாவில் போட்டு எந்த இடத்தது என்று எழுதிவையுங்கள்.

அறிகுறி: மழை விட்டும் சொட்டுகிறது, அல்லது சொட்டவே இல்லை

ஒரு இடத்தில் வாட்ச்மேன் ஒருவர் என்னிடம் சொன்னார்: "சார், மழை விட்டு ரெண்டு நாள் ஆச்சு, இன்னும் வயித்துல இருந்து சொட்டிக்கிட்டே இருக்கு." மூன்று வருஷமாக அங்கே வந்து போன யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர் சொன்ன இடத்தில் இருந்த மூடியைத் திறந்தபோது ஒரு வாளி கறுப்புத் தண்ணீரும் அழுகிய வேப்பிலையும் கொட்டின. விமானத்தோடு தினமும் இருக்கிறவரிடம் முதலில் பேசுங்கள்.

சொட்டினால் தண்ணீர் எங்கோ தேங்கி மெதுவாக வடிகிறது. பெருமழைக்குப் பிறகும் எங்குமே சொட்டவில்லை என்றால் அது இன்னும் கவலை. துளைகள் எல்லாம் அடைந்துவிட்டன.

விமானத்தின் வயிற்றில் வடிகால் துளைகள் ஏற்கெனவே உண்டு. அது மூன்று காலில் தரையில் நிற்கும்போது எது தாழ்வான இடமோ அங்கே போட்டிருப்பார்கள். நாம் அதை மூக்கு மேலே பார்க்கக் கம்பத்தில் ஏற்றிவிட்டால் தாழ்வான இடம் வாலுக்கு மாறிவிடும், துளை மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும். சோதனை எளிது. மேலிருந்து ஓஸ் குழாயில் பத்து நிமிஷம் தண்ணீர் விடுங்கள், கீழே ஒருவர் சாக்பீஸ் வைத்துக்கொண்டு சொட்டும் இடத்தையெல்லாம் குறிக்கட்டும். விட்ட தண்ணீர் வெளியே வந்து முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அடைந்த துளையை மூங்கில் குச்சியாலோ பிளாஸ்டிக் கம்பியாலோ குத்துங்கள். குளவி கட்டிய மண்தான் பெரும்பாலும் வரும். புதுத் துளை போடுவதென்றால், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு ஆய்வு மூடியில் போடுங்கள், தோல் தகட்டில் வேண்டாம்.

மழை வருகிறது என்று தார்ப்பாயைப் போர்த்திக் கட்டுவது வழக்கம். இரவில் தகடு குளிரும், உள்ளே அடைபட்ட ஈரம் வியர்த்து ஊறும். ஒரு மாதம் தார்ப்பாய்க்குள் இருந்த விமானம் வெட்டவெளியில் இருந்ததைவிட மோசமாகிப் பார்த்திருக்கிறேன். செலவழிக்கப் பணம் இருந்தால் சுவர் இல்லாத ஒரு கூரை போடுங்கள்.

அறிகுறி: ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

முதலில் டயரைப் பாருங்கள், அப்புறம் ஓலியோ காலை, அதாவது வாயுவும் எண்ணெயும் நிரப்பி அதிர்ச்சியைத் தாங்கும் சக்கரக் காலை.

டயர் தட்டையாகி, பக்கவாட்டில் வெடிப்பு ஓடியிருந்தால் வெயிலும் ஓசோனும் ரப்பரைத் தின்ற அடையாளம். காற்றடித்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள். ஜெட் டயரின் அழுத்தம் கார் டயரைவிடப் பல மடங்கு, பழைய ரப்பர் வெடித்தால் ஆள் தாங்க மாட்டார். அதைவிட ஆபத்து ஹப்பில் இருக்கிறது. அது இரண்டு பாதியாகச் செய்து போல்ட்டால் பிணைத்தது. உள்ளே காற்று இருக்கும்போது அந்த போல்ட்டைத் தளர்த்தினால் பாதி ஹப் குண்டு மாதிரி பறக்கும். தூரத்தில் பக்கவாட்டில் நின்று, வால்வு வழியாக மெதுவாகக் காற்றை முழுவதும் இறக்கிய பிறகே வேறு வேலை.

நிரந்தரத் தீர்வு, எடையை டயரிலிருந்து எடுப்பதுதான். விமானத்தில் ஜாக் வைக்கும் இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். அங்கே தூக்கி, அச்சுக்குக் கீழே இரும்புத் தாங்கி கொடுத்து, டயர் தரையை லேசாகத் தொடும்படி விடுங்கள். பார்ப்பவருக்குச் சக்கரத்தில் நிற்பது போலத்தான் தெரியும்.

டயர் சரியாக இருந்து கால் மட்டும் குறுகியிருந்தால் ஓலியோவின் வாயு இறங்கிவிட்டது, சீல் போயிருக்கும். பளபளப்பான தண்டில் சிவப்பு எண்ணெய் வழிந்திருக்கும். பிரிட்டிஷ் ரகமோ சோவியத் ரகமோ, அந்தக் காலத்து ஹைட்ராலிக் எண்ணெய் பெரும்பாலும் சிவப்புத்தான். மறுபடி வாயு ஏற்ற வேண்டாம், பறக்கப்போவதில்லையே. விமானத்தை ஜாக்கில் சமமாக்கி, தண்டைச் சுற்றி இரண்டு பாதியாக வெட்டிய நைலான் வளையத்தைப் பூட்டிவிட்டால் அது இறங்காது. எஞ்சிய அழுத்தத்தையும் எண்ணெயையும் தெரிந்தவரை வைத்து வடித்துவிடுங்கள். எண்ணெய் சொட்டி டயரில் பட்டால் ரப்பர் ஊதும், பெயிண்டில் பட்டால் இளகும்.

எஞ்சினைக் கழற்றிய விமானம் திடீரென்று மூக்கில் அழுந்துவதுண்டு. பின்பக்கத்து எடை போய்விட்டதே. எஞ்சின் இருந்த இடத்தில் எடை கட்டி ஈடு செய்வார்கள். மணல் மூட்டை வேண்டாம். மணல் ஈரம் பிடிக்கும், ஆற்று மணல் என்று கொடுத்ததில் உப்பும் இருக்கலாம்.

அறிகுறி: கேனப்பி மங்கிவிட்டது

விரலால் தடவுங்கள். கீறல் தட்டுப்பட்டால் மேற்பரப்புப் பிரச்சினை. வழவழப்பாக இருந்தும் வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது உள்ளே வெள்ளி ஊசி ஊசியாக மின்னினால், கேனப்பி செய்த பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கின் உள்ளேயே நுண்வெடிப்பு. கீறலை நுண்ணிய பாலிஷ் துணியால் படிப்படியாகக் குறைக்கலாம். நுண்வெடிப்புக்கு மருந்து இல்லை, வேகத்தைக் குறைக்கத்தான் முடியும்.

அதற்குப் பெரும்பாலும் காரணம் துடைக்கிற கைதான். பெட்ரோல், தின்னர், அசிட்டோன், அம்மோனியா கலந்த கண்ணாடி ஸ்ப்ரே எல்லாமே அக்ரிலிக்கை வெடிக்க வைக்கும். செய்தித்தாளால் துடைப்பது வீட்டு ஜன்னலுக்குச் சரி, இங்கே கூடாது. முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை ஓட விடுங்கள், பிறகு வெறும் கையால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், மண் துகள் இருந்தால் கைக்குத்தான் முதலில் தெரியும். பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம்.

வெயில் நேரத்துக்கு வெள்ளைப் பருத்தி உறை தைத்துப் போடலாம். காற்றில் படபடக்காமல் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உறையே உப்புத்தாளாகிவிடும்.

அறிகுறி: காற்று வாயிலிருந்து வைக்கோல் எட்டிப் பார்க்கிறது

மைனாவுக்கும் புறாவுக்கும் ஜெட்டின் காற்று வாயைவிட நல்ல பொந்து கிடைக்காது. எச்சத்தின் அமிலம் பெயிண்டைத் துளைத்துவிடும், கூட்டு வைக்கோல் பஞ்சு மாதிரி ஈரம் பிடித்துவைக்கும். குஞ்சு இருந்தால் பறக்கும்வரை காத்திருங்கள், சில வாரம்தான். பிறகு தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முகமூடியோடு அள்ளுங்கள். உலர்ந்த எச்சத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. முன்வாய், பின்குழாய் இரண்டிலும் 19 மில்லிமீட்டர் கண் உள்ள நைலான் வலையை மரச் சட்டத்தில் கட்டிச் செருகுங்கள், சிட்டுக்குருவியும் நுழையாது. பிளைவுட் வைத்து அடைத்தால் காற்றோட்டம் நின்றுபோகும். மிக்-21 மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும், பறக்கும் வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய்க்கு ஒரு சிவப்பு உறை போடுங்கள். குளவியும் நுழையாது, ஓடி வரும் குழந்தையின் கண்ணும் தப்பும்.

அறிகுறி: தட்டினால் மந்தமான சத்தம்

ஜெட் என்றாலே உலோகம் என்று நினைக்கிறோம். 1948-இல் இந்தியாவுக்கு வந்த முதல் ஜெட் போர் விமானமான வாம்பயரின் முன்னுடல் பிளைவுட்டுக்கு நடுவே பால்சா மரம் வைத்து அழுத்தியது. கான்பெரா குண்டுவீச்சு விமானத்தின் வால் துடுப்பின் முன்பகுதியும் மரம். ஆக, கறையான் தின்னக்கூடிய போர் விமானங்கள் நம்மிடம் உண்டு.

ஒரு ரூபாய் நாணயத்தால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் டங் டங் என்று பதில் சொல்லும், ஊறிய இடம் பலாப்பழத்தைத் தட்டியது போல மந்தமாகும். அந்த எல்லையைச் சாக்பீஸில் வரைந்து, மறு மாதம் அதே இடத்தைத் தட்டிப் பாருங்கள். எல்லை வளர்ந்தால் தண்ணீர் வருகிறது. காரணம் மேல்பெயிண்டில் உள்ள ஒரு மெல்லிய வெடிப்பாக இருக்கும். சக்கரத்தடியில் கறையானின் மண் வரி ஏறுகிறதா என்று தோட்டக்காரரைக் கவனிக்கச் சொல்லுங்கள். மர விமானத்துக்கு வெட்டவெளி இடமே இல்லை. ஒரு அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு கூரைதான் உண்டு என்றால் அது வாம்பயருக்குப் போக வேண்டும், மிக்-21 வெளியே நிற்கலாம்.

அறிகுறி: காற்று அடித்தால் டக் டக்

இறக்கைப் பின்னோரத்து அசையும் பலகைகளும் வால் பலகையும் பூட்டில்லாமல் ஆடுகின்றன. ஹைட்ராலிக் அழுத்தம் இருந்தபோது அவை பிடித்து நின்றன, இப்போது பிடிப்பு இல்லை. ஒவ்வொரு ஆட்டமும் கீலைத் தின்னும். ரப்பர் ஒட்டிய மரப்பூட்டு செய்து மாட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலை அந்தப் பூட்டுகளைப் பார்ப்பது, இரண்டாவது தரை வளையங்களில் கட்டுக்கயிறு. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையை என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

அறிகுறி: பெயிண்ட் வெளுத்துவிட்டது

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன்.

கையால் தடவினால் மாவு ஒட்டுகிறதா? வெயில் பெயிண்டின் பிசினைத் தின்று நிறமியை மட்டும் விட்டிருக்கிறது. கீழே பிடிப்பு நன்றாக இருந்தால் கழுவி, மெழுகு பூசினாலே பாதி நிறம் திரும்பும். உரிகிறது என்றால்தான் புதுப் பெயிண்ட்.

குடியரசு தினத்துக்கு ஒரு வாரம் முன்னால் பிரஷ்ஷால் சில்வர் அடிக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அழுக்கு, உப்பு, எச்சம் எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். அதைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாது. நாட் (Gnat) என்ற சிறிய ஜெட் போர் விமானம் ஒன்றில் மறைவான ஒரு இடத்தை, நுண்ணிய உப்புத்தாளை நனைத்து, வட்ட வட்டமாக லேசாகத் தேய்த்தேன். மரத்தின் வயது வளையம் மாதிரி ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாக வெளிப்பட்டது: மேலே சில்வர் நாலு, அதன்கீழ் ஒரு வெளிர் நீலம், அதன்கீழ் ஒரு சாம்பல். இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தபோது சிவப்பு எழுத்து, இங்கே மிதிக்காதே என்று ஆங்கிலத்தில். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த எழுத்தின்மேல் கால் வைத்ததற்குத் திட்டு வாங்கியிருக்கிறேன். அதைப் பார்த்ததும் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்த மாருத் என்ற போர் விமானம், ஜெர்மன் வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவானது. கட்டியது மொத்தம் 147. அவற்றில் ஒன்று சென்னை பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்தில் இருக்கிறது, ஒன்று ஜெர்மனியில் ம்யூனிக் பக்கத்தில் ஷ்லைஸ்ஹைம் விமான அருங்காட்சியகத்தில். எண்ணிக்கை இவ்வளவு குறைவான ரகத்தில் ஒவ்வொரு பூச்சும் சாட்சியம்தான்.

அதனால் பெயிண்ட் அடிக்கும் முன்: நாலு பக்கமும் படம் எடுங்கள். எழுத்து, எண், படைப்பிரிவுச் சின்னம் ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து எடுங்கள், பட்டர் தாளில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். வண்ண வட்டத்தில் வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. பெயிண்டருக்கு விட்டுவிட்டால் காவி சிவப்பாகிவிடும், பக்கத்தில் நின்று கவனியுங்கள். தயாரிப்புத் தகட்டின் மேல் பெயிண்ட் படவே கூடாது. நான் நாட் விமானத்தில் செய்தது போல மறைவான இடத்தில் தேய்த்துப் பார்த்த சோதனை வட்டம் இருந்தால் அதை மூடாதீர்கள். நிறமற்ற வார்னிஷ் ஒரு கோட் கொடுத்து அப்படியே விடுங்கள், பின்னால் வருகிறவர் உண்மையான நிறத்தை அதில் பார்த்துக்கொள்வார். பழைய பூச்சோடு ஒட்டுமா என்று உள்ளங்கை அளவு இடத்தில் அடித்து ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். சுருங்கினால் அந்தப் பெயிண்ட் வேண்டாம்.

ஒரு நீளப் பதிவேடு வாங்கி வாட்ச்மேன் அறையில் ஆணியில் தொங்கவிடுங்கள். குளிப்பாட்டிய தேதி, சொட்டிய இடம், நாணயம் மந்தமாக ஒலித்த எல்லை, அடித்த பெயிண்டின் பெயரும் நிற எண்ணும். பேனாவையும் கயிற்றில் கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் இரண்டே நாளில் காணாமல் போகும்.